ஆப்பிரிக்க நெடும்பயணத்தைச் சான்சிபாரில் முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் முதல் ஆப்பிரிக்கச் சாலைப் பயணத்தில், தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவுக்கு மிஞ்சியது ஒன்றரை நாள்தான். திட்டத்தில் 5 நாள் இருந்தது. ஜாம்பியா எல்லையில் ஒரு நாள் போனது, வண்டி பழுதில் ஒரு நாள் போனது, மிகுமி தேசியப் பூங்காவில் யானை பார்க்க ஆசைப்பட்டு ஒரு நாள் நாங்களே கொடுத்தோம், மிச்சத்தைத் தீவுக்குக் கிளம்புகிற துறைமுக நகரமான தார் எஸ் சலாமின் போக்குவரத்து நெரிசல் தின்றது. தீவில் இறங்கி, அழுக்குத் துணியைச் சலவைக்குப் போட்டு, அது காய்வதற்குள் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டோம். இரண்டாவது முறை அந்தத் தவறைச் செய்யவில்லை. அந்த இரண்டு பயணங்களிலும் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலையில் மிஞ்சுகிற நாட்களைத் தீவுக்குக் கொடுக்காதீர்கள். தீவுக்கான நாட்களை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுகிறதைச் சாலைக்குக் கொடுங்கள்.

முதலில் திரும்பும் விமானம்

திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டைச் சான்சிபாரிலிருந்தே எடுப்பது நல்லது. கேப் டவுனிலோ நைரோபியிலோ இறங்கி, சான்சிபாரிலிருந்து கிளம்புகிற மாதிரி ஒரே டிக்கெட்டாகவே போடலாம். சான்சிபாரில் சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. அடிஸ் அபாபா, தோஹா, துபாய், மஸ்கட் வழியாக இந்தியாவுக்கு இணைப்பு கிடைக்கும். தார் எஸ் சலாமிலிருந்து டிக்கெட் எடுத்தால் தீவிலிருந்து மறுபடி கடல் தாண்ட வேண்டும். கடைசி நாள் முழுக்க அதிலேயே போய்விடும்.

அதற்கு முன்னால் 6 இரவுகளைத் தீவுக்கு வையுங்கள்: தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் 2, கடற்கரையில் 4. அதற்கும் முன்னால் தார் எஸ் சலாமில் ஓர் இரவு, அதற்கு முன் எதற்கும் ஒதுக்காத ஒரு காலி நாள். ஆக, விமான நாளிலிருந்து 8 நாள் பின்னால் போய் ஒரு கோடு போடுங்கள். சாலைப் பயணம் அந்தக் கோட்டைத் தாண்டி வரக்கூடாது. எல்லையில் தாமதமானால் தான்சானியாவின் செரெங்கெட்டியிலோ ஜாம்பியாவின் லிவிங்ஸ்டனிலோ ஒரு நாளைக் குறையுங்கள். தீவில் குறைக்காதீர்கள்.

எந்த மாதம், எந்தக் கரை

சான்சிபார் என்று நாம் சொல்வது பெரும்பாலும் உங்குஜா தீவைத்தான். வடக்கே பெம்பா என்று இன்னொரு பெரிய தீவும் உண்டு. உங்குஜாவின் காலநிலையை முடிவு செய்வது இரண்டு காற்றுகள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது கஸ்காசி. இந்தியாவிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்களை நூற்றாண்டுக் கணக்கில் இங்கே கொண்டுவந்து சேர்த்தது இந்தக் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வீசுவது கூசி. இரண்டுக்கும் நடுவே மார்ச் கடைசி முதல் மே வரை மசிகா என்கிற பெருமழை, நவம்பரில் வூலி என்கிற சிறுமழை. ஏப்ரல், மே மாதங்களில் போகாதீர்கள். விடுதிகள் பலவும் மூடியிருக்கும், சாலையும் சேறு.

வனவிலங்கு பார்க்க ஏற்ற ஜூன் முதல் அக்டோபர் வரைதான் பெரும்பாலானோர் வருவார்கள். தீவுக்கும் அது நல்ல காலம், வெயிலின் கடுமை குறைவு. ஆனால் எந்தக் கரையில் தங்குவது என்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே கடல் ஏறி இறங்குகிற அளவு மிக அதிகம்.

கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி, மட்டெம்வே ஆகிய ஊர்களில் கடல் வற்றும்போது தண்ணீர் ஒரு கிலோமீட்டர் தூரம்கூட உள்ளே போய்விடும். காலையில் நீல நீர் தளும்பிய இடத்தில் மதியம் மணலும் குட்டைகளும்தான் கிடக்கும். இது தெரியாமல் அறை எடுத்தவர்கள் கடலைத் தேடிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகும். ஆகவே வீட்டு நாள்காட்டியிலேயே பார்த்துவிடுங்கள். தினமும் நீந்த வேண்டும் என்றால் அந்த நாட்களில் கிழக்குக் கரை வேண்டாம்.

வடக்கு முனையில் நுங்வி, அதன் தென்மேற்கே கெண்ட்வா. இங்கே கடல் அவ்வளவு தூரம் விலகாது, நாள் முழுக்க நீந்தலாம். கெண்ட்வா மேற்கு பார்த்த கரை என்பதால் சூரியன் கடலில் இறங்குவதும் தெரியும். ஆனால் கூட்டமும் இசைச் சத்தமும் இங்கேதான். மூன்று வாரம் கூடாரத்தில் தூங்கி எழுந்தவருக்கு அது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம்.

நான் கிழக்குக் கரையின் பக்கம். கடல் வற்றியதும் பெண்கள் கூட்டமாக உள்ளே நடந்துபோய்க் குச்சிகளுக்கு நடுவே கயிறு கட்டிக் கடல்பாசி வளர்ப்பார்கள். அங்கே அதன் பெயர் ம்வானி. 1980களின் கடைசியில் தொடங்கிய இந்தத் தொழில் பல கிராமத்துப் பெண்களுக்குச் சொந்த வருமானம் தந்தது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்களின் பாசித் தொழிலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நெருக்கமாக இருக்கும். தண்ணீர் போன பிறகு அதே மணலில் மைல் கணக்கில் நடக்கலாம். வண்டியில் உட்கார்ந்தே வந்த கால்களுக்கு அந்த நடைதான் மருந்து. கூசிக் காலத்தில் பாஜேயில் காற்று பலமாக இருக்கும். பட்டம் பிடித்துச் சறுக்குகிற கைட் சர்ஃபிங் விளையாட்டுக்கு அது நல்ல பருவம். சும்மா படுத்திருக்க வந்தவருக்கு அதே காற்று தொல்லை.

சரி, சுருக்கமாக என் யோசனை: குழந்தைகளோடு வந்தால், அல்லது நீச்சல்தான் முக்கியம் என்றால் நுங்வி, கெண்ட்வா. அமைதியும் நடையும் கிராமமும் வேண்டும் என்றால் ஜம்பியானி. 4 இரவுக்குள் இரண்டு கரையையும் பார்க்க முயல வேண்டாம். பெட்டி கட்டுகிற வேலை சாலையோடு முடியட்டும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

தான்சானியா விசாவே சான்சிபாருக்கும் செல்லும், தனி விசா இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சாதாரண சுற்றுலா விசா 50 டாலர். கிளம்பும் முன் இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவில் தான்சானியா சேராது. இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

2024 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர்கள் சான்சிபாரின் அரசுக் காப்பீட்டுக் கழகத்திடம் 44 டாலருக்குப் பயணக் காப்பீடு வாங்குவது கட்டாயம். உங்களிடம் ஏற்கெனவே வேறு காப்பீடு இருந்தாலும் இதுவும் வேண்டும். அதற்கான தாளை அச்செடுத்து வைத்திருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் மிக முக்கியம். கென்யா வழியாகத் தான்சானியா போனால் கேட்பார்கள். கென்யா போன்ற நாடுகளில் இருந்துவிட்டு இந்தியா திரும்பும்போது அது இல்லையென்றால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிட முடியும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் ஊசி போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள், கூட்டம் இருக்கும்.

கடைசி ஆயிரம் கிலோமீட்டர்

தார் எஸ் சலாமுக்கு இரண்டு பெரிய வழிகள். தெற்கிலிருந்து வந்தால் ஜாம்பியாவின் நகொண்டே, தான்சானியாவின் துண்டுமா எல்லை வழியாக எம்பேயா, இரிங்கா, மிகுமி, மொரொகோரோ. வடக்கிலிருந்து வந்தால் நைரோபி, நமாங்கா, அருஷா, மோஷி. இரண்டும் கடற்கரை நகரத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர் முன்னால் சலின்ஸே என்ற ஊரில் ஒன்றாகச் சேரும். நமக்கு வசதியான செய்தி: தென்னாப்பிரிக்காவிலிருந்து கென்யா வரை இந்தப் பாதை முழுக்க வண்டிகள் நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓடும்.

துண்டுமாவில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். சிறிய வண்டிகள் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை, ஓரமாகக் கடந்து முன்னால் போகலாம். எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். மதியம் 3 மணிக்கு வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கே மணி 4. இருட்டுவதற்குள் எம்பேயா போய்ச் சேரப் பாருங்கள். இந்த நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டாதீர்கள். விளக்கில்லாத லாரி, நடுவழியில் நின்றுபோன வண்டி, சாலையோரம் நடக்கிற மக்கள் என்று எல்லாமே ஆபத்து.

எம்பேயாவிலிருந்து இரிங்கா ஒரு நாள். இரிங்காவிலிருந்து மொரொகோரோ ஒரு நாள். இந்த இரண்டாம் நாள்தான் பாதையின் அழகு. கிட்டோங்கா மலை இறக்கத்தில் வளைந்து வளைந்து இறங்கினால் பாவோபாப் மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்கு. லாரிகள் ஊர்ந்துதான் போகும், முந்த அவசரப்படாதீர்கள். அப்புறம் மிகுமி தேசியப் பூங்காவின் நடுவே சுமார் 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையே போகிறது. கட்டணம் கட்டாமலே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் சில நேரம் யானையும் தெரியும். விலங்கை மோதினால் கட்ட வேண்டிய தண்டத்தொகையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தான்சானியாவில் ஊருக்குள் நுழைந்தால் மணிக்கு 50 கிலோமீட்டர். ஊர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பலகை பார்த்தே ஓட்டுங்கள். வெள்ளை உடை போலீஸ் வேகமானியோடு மரத்தடியில் நிற்பார்கள். தண்டம் கட்டினால் ரசீது வாங்குங்கள்.

கடைசி 190 கிலோமீட்டர், மொரொகோரோவிலிருந்து தார் எஸ் சலாம். காகிதத்தில் 3 மணி நேரம், நிஜத்தில் 5 அல்லது 6. விடியற்காலையில் கிளம்புங்கள். சொந்த வண்டி இல்லாமல் பேருந்தில் வருகிறவர்கள் மொரொகோரோவில் இறங்கி 2024-இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயிலைப் பிடித்தால் 2 மணி நேரத்துக்குள் நகரம் வந்துவிடும். வடக்கிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் சலின்ஸேக்கு முன்பே ம்ஸாட்டாவில் இடது பக்கம் திரும்பி பகமோயோ வழியாகக் கடற்கரைச் சாலையில் வரலாம். நெரிசல் குறைவு.

தார் எஸ் சலாமில் ஓர் இரவு

இந்த இரவை வீண் என்று நினைக்காதீர்கள். வண்டியை ஒப்படைக்க, வாடகைக்காரரோடு கீறல்களைப் பற்றிப் பேசி முடிக்க, துணி துவைக்க இது தேவை. வண்டியை ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும், கண்ணாடியையும், டயர்களையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகளைக் குழுவாக ஏற்றி வருகிற ஓவர்லேண்ட் லாரியில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. லாரி நகரத்தின் கடற்கரை முகாமிலேயே நிற்கும், பயணிகள் மட்டும் தீவுக்குப் போய்வருவார்கள்.

வண்டியைத் தீவுக்குக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். சுங்கக் காகிதத்துக்கு ஆகிற நேரத்தில் தீவையே சுற்றிவிடலாம்.

பையை இரண்டாகப் பிரியுங்கள். கூடாரம், தூக்கப் பை, அடுப்பு, கனத்த காலணி எல்லாம் ஒரு பெரிய பையில். தார் எஸ் சலாம் திரும்பி வருவதாக இருந்தால் விடுதியிலேயே விட்டுவிடலாம். சான்சிபாரிலிருந்தே ஊர் திரும்பினால் கூடவே எடுத்துக்கொண்டு ஃபெர்ரியில் போங்கள். தீவுக்குப் போகிற சிறிய விமானத்தில் 15 கிலோதான் அனுமதி, அதுவும் மடங்குகிற துணிப்பையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்குத் தான்சானியாவில் 2019 முதல் தடை. அழுக்குத் துணியைத் துணிப்பையில் கட்டுங்கள்.

கடலைத் தாண்டுவது

நகரத்தின் நடுவிலேயே, துறைமுகத்தை ஒட்டிய சோகொய்னே சாலையில் ஃபெர்ரி நிலையம். விரைவுப் படகில் சுமார் 2 மணி நேரம். வெளிநாட்டவருக்குச் சாதாரண வகுப்பு சுமார் 35 டாலர். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள், அல்லது நிறுவனத்தின் கவுண்டருக்குள் போய் வாங்குங்கள். வாசலில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லோரும் ஊழியர்கள் அல்ல. எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒருவர் டிக்கெட் தருவதாகச் சொல்லிக் கூடுதலாக 20 டாலர் வாங்கிப் போய்விட்டார். கவுண்டர் அங்கிருந்து 30 அடிதான் இருந்தது.

இங்கே நேரக் கணக்கில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சுவாஹிலி மக்கள் நேரத்தைச் சூரியன் எழுவதிலிருந்து எண்ணுவார்கள், நாம் நாழிகை எண்ணியது போல. காலை 7 மணி அவர்களுக்கு சா மோஜா, அதாவது ஒரு மணி. டிக்கெட்டில் அச்சான நேரம் நமக்குத் தெரிந்த கணக்குதான். வாயால் சொன்ன நேரமாக இருந்தால் மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

கூசிக் காலத்தில் கடல் நன்றாகவே ஆட்டும். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னால் போடுங்கள், படகின் பின்பக்கம், நடுவில் உட்காருங்கள். ஒரே நாடு என்றாலும் சான்சிபாரில் இறங்கியதும் கடவுச்சீட்டு பார்ப்பார்கள். காப்பீட்டுத் தாளையும் மஞ்சள் காய்ச்சல் அட்டையையும் அதோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோன் டவுனில் 2 இரவு

நேராகக் கடற்கரைக்கு ஓடிவிட மனது துடிக்கும். ஆனாலும் முதல் 2 இரவு ஸ்டோன் டவுனில் தங்குங்கள். பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இந்தப் பழைய நகரம் 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வண்டி நுழையாத சந்துகள், பித்தளைக் குமிழ் பதித்த கனத்த கதவுகள். வழி தவறுவீர்கள், பரவாயில்லை, எந்தச் சந்தும் கொஞ்ச நேரத்தில் கடலிலோ சந்தையிலோ கொண்டுவிடும்.

கட்டாயம் போக வேண்டிய இடம் பழைய அடிமைச் சந்தை. ஆப்பிரிக்காவின் உட்பகுதியிலிருந்து பிடித்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களை இங்கேதான் விற்றார்கள். 1873-இல் சுல்தான் பர்காஷ் காலத்தில் சந்தை மூடப்பட்டது. அதே இடத்தில் ஆங்கிலிக்கன் தேவாலயம் எழுந்தது. வெளியே ஒரு பள்ளத்தில் கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் கல் உருவங்கள் இருக்கின்றன. மொரொகோரோவும் பகமோயோவும் அந்த மனிதர்கள் நடந்த நிலம்தான். வண்டியில் கடந்து வந்த தூரம் எவ்வளவு என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், வழிகாட்டியோடு பாருங்கள். 1883-இல் பர்காஷ் கட்டிய அதிசய மாளிகையின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. ஆகவே அதை உள்ளே போய்ப் பார்ப்பதாகத் திட்டம் போட்டு வராதீர்கள்.

மாலையில் ஃபொரோதானி பூங்காவில் உணவுக் கடைகள் போடுவார்கள். கரும்புச் சாற்றில் இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்து தருவார்கள். அங்கே அடுக்கி வைத்திருக்கும் கடல் உணவு எல்லாம் அன்றையது அல்ல, சூடாகச் சுட்டுத் தருவதை மட்டும் சாப்பிடுங்கள், விலையை முன்பே கேளுங்கள். எனக்குப் பிடித்தது உரோஜோ. புளிப்பான மஞ்சள் குழம்பில் பஜ்ஜி, உருளைக்கிழங்கு, மரவள்ளி வறுவல், சட்னி எல்லாம் போட்டுத் தருவார்கள். குஜராத்தி வணிகர்கள் குடியேறிய ஊர் என்பதற்கு அந்தக் கிண்ணமே சாட்சி. சைவம் சாப்பிடுகிறவர்கள் "சிலி ன்யாமா" என்று சொன்னால் போதும், இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று பொருள். தேங்காய்ப்பாலில் வெந்த அவரை வகை, சப்பாத்தி, கீரை எல்லா ஊரிலும் கிடைக்கும்.

இது பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் தீவு. ஊருக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள், நீச்சல் உடை கடற்கரையோடு நிற்கட்டும். ரமலான் மாதத்தில் பகலில் ஊருக்குள் பொதுவில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, பல உணவகங்கள் மூடியிருக்கும். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" என்று சொல்லுங்கள். அவர்கள் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசுகிற விதமே மாறிவிடும்.

கடற்கரையில் 4 இரவு

நுங்விக்கும் பாஜேக்கும் விடுதி மூலம் கார் சொல்லிவிடுவது எளிது, ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். செலவு குறைக்க தாலா தாலா என்கிற சிற்றுந்துகள் உண்டு. நுங்விக்கு வழித்தட எண் 116, ஜம்பியானிக்கு 309. தீவில் வண்டி வாடகைக்கு எடுத்தால் சான்சிபாரின் தற்காலிக ஓட்டுநர் அனுமதியும் தேவை. வாடகைக்காரரே வாங்கித் தருவார். அது இல்லாமல் ஓட்டாதீர்கள், சோதனைச் சாவடிகள் அதிகம். ஸ்டோன் டவுனை விட்டுக் கிளம்பும் முன் ஏடிஎம்மில் பணம் எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் எதையும் பதிவு செய்யாதீர்கள். வாரக்கணக்கில் விடியலில் எழுந்து வண்டி ஏற்றியவர்களின் உடம்பு, நிறுத்தியவுடன் ஒருவித சோர்வைக் காட்டும். சிலருக்கு முதல் நாளே சளி பிடிக்கும். தூங்குங்கள்.

இரண்டாம் நாளுக்கு ஜோசானி காடு நல்லது. சிவப்புக் கொலோபஸ் என்ற குரங்கு உலகில் பல வகை உண்டு, இந்த வகை சான்சிபாரில் மட்டும்தான். பக்கத்திலேயே வந்து உட்காரும், தொடாதீர்கள். மூன்றாம் நாள் கடலுக்கடியே மீன்களைப் பார்க்க ம்னெம்பா தீவைச் சுற்றிய பவளப் பாறைகள். காலை முதல் படகில் போனால்தான் கூட்டம் இல்லாமல் பார்க்கலாம். கிசிம்காசியில் டால்ஃபின் காட்டுகிறோம் என்று அழைப்பார்கள். பத்துப் படகுகள் இரண்டு டால்ஃபின்களைத் துரத்துகிற காட்சி அது. போக வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த ஊரில் பார்க்க வேண்டியது பழைய மசூதி. அதன் கல்வெட்டு 1107-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

கடல் வற்றிய நேரத்தில் நடக்கும்போது ரப்பர் செருப்பு போடுங்கள். கருப்பு முள்பந்து போலக் கிடக்கும் கடல் முள்ளெலியை மிதித்தால் மிச்ச நாள் முழுக்க வலிதான். தண்ணீர் திரும்பி ஏறும்போது வேகமாக ஏறும், திரும்பும் நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு போங்கள். ஸ்கூபா டைவிங் செய்வதாக இருந்தால் கடைசி முழு நாளில் வேண்டாம். டைவிங்குக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம் இருக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

தீவில் மலேரியா பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் நீங்கள் வந்த சாலையில் அப்படி இல்லை. கிருமி உடம்புக்குள் நுழைந்து காய்ச்சலாக வெளிப்பட ஒரு வாரத்துக்கு மேலாகலாம். அதனால்தான் கடற்கரையில் படுத்திருக்கும்போதும், ஊர் திரும்பிய பிறகும் மலேரியா தடுப்பு மாத்திரை தொடர வேண்டும். அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் எடுத்தால் மலேரியா பகுதியை விட்டபின் 7 நாள், டாக்ஸிசைக்ளின் எடுத்தால் 4 வாரம். டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலில் சீக்கிரம் புண்ணாகும், கடற்கரையில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு, சில மாதம் கழித்துக்கூட, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வைரல் காய்ச்சல் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எந்தெந்த நாடுகளில் இருந்தீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை அவர் கேட்கும் முன் சொல்லிவிட்டு, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள்.